நாற்காலியும் கையெழுத்தும்

தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சியில் பெண்களின் தலைமை பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று பாராட்டுரை: ஒரு தலைவரம்மா, அவர் கட்டிய தொட்டி, அவர் வாங்கிய விருது. மற்றொன்று குற்றப்பத்திரிகை: பதவி மனைவியிடம், ஆட்சி கணவரிடம். இரண்டும் பொய்யல்ல. ஆனால், எதை வெற்றி என்றும் எதைத் தோல்வி என்றும் கொள்வது எனும் அளவுகோல் இரண்டிலும் இல்லை. சிறந்த ஒருவரைக் கண்டு அமைப்பையே மெச்சுவதும், தளர்ந்த ஒருவரைக் கண்டு அமைப்பையே தள்ளுவதும் மதிப்பீடு ஆகா.

இங்கே எடைபோடப்படுவது ஓர் அமைப்பு. பெண்களுக்கான ஒதுக்கீட்டோடு 1996 அக்டோபரில் நடந்த முதல் ஊராட்சித் தேர்தல் தொடங்கி இன்றுவரை தமிழ்நாட்டில் பெண்களுக்கு அது என்ன தந்தது, எதைத் தராமல் விட்டது என்பதே விசாரணை. நான்கு கேள்விகள் போதும். பெண்கள் உள்ளே வந்தார்களா? அவர்கள் கேட்டதற்குப் பதில் கிடைத்ததா? பணமும் பணியாளரும் அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டனவா? ஒருவர் ஈட்டிய அனுபவம் அடுத்த முறைக்கு முதலாக மாறியதா? நான்கும் ஒரே வரிசையில் உள்ள படிகள் என்பதால், ஒன்றில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு இன்னொன்றின் குறையை ஈடுகட்ட முடியாது.

முதல் கேள்விக்கான விடை தெளிவானது. 73ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்கு முன்பு பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நியமன இடம். 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு பரிந்துரைத்ததுகூடப் பெண்களைத் தேர்தல் வழியே கொண்டுவருவதை அல்ல, இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்வதைத்தான். 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த மனப்பாங்கை முறித்தது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தலைவர் பதவிகளிலும் அதே பங்கு. பட்டியலினத்தவருக்கான இடங்களுக்குள்ளும் அதே பங்கு. கடைசிக் கூறுதான் சட்டத்தின் நுட்பமான பகுதி. அது இல்லாமல் இருந்திருந்தால், ஒதுக்கீட்டின் பயன் முழுவதும் நிலமுள்ள வீடுகளின் பெண்களிடமே தங்கியிருக்கும். 2006 தேர்தலில் பீகாரும் 2010இல் கேரளமும் பாதி இடங்களைப் பெண்களுக்குத் தந்தன. தமிழ்நாடு 2016இல் சட்டம் திருத்தி, 2019 டிசம்பர் தேர்தலில் அதைச் செயல்படுத்தியது. ஏறத்தாழ 12,525 ஊராட்சிகள் கொண்ட மாநிலத்தில் பாதித் தலைவர் நாற்காலிகள் பெண்களுக்கு உரியவை என்பது சிறிய மாற்றம் அல்ல. அந்தத் தேர்தலில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லூரிப் படிப்பை முடித்திராத 21 வயதுப் பெண் தலைவரானார். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் வீரம்மாள் என்னும் மூதாட்டி தலைவரானார். விருதுநகர் மாவட்டத்தில் துப்புரவுப் பணி செய்த பெண் ஒருவர் தலைவரானார். இந்த வயதும் தொழிலும் பின்னணியும் கொண்ட பெண்கள் வேறு வாசல் வழியாக அரசாங்கத்துக்குள் வந்தது அரிது.

இந்தத் தகுதிக்கு எதிரே வைக்க வேண்டிய குறைகள் இரண்டு. ஒதுக்கீடு ஒரு தளமாக அமைவதற்குப் பதிலாக ஒரு கூரையாகிவிட்டது. ஒதுக்கப்படாத இடத்தைப் பொது இடம் என்று சட்டம் சொல்கிறது. ஊரோ அதை ஆண்களின் இடம் என்றே நடத்துகிறது. ஒதுக்கீடு விலகிய மறுமுறை அதே பெண் அதே இடத்தில் போட்டியிட முன்வந்தால், 'உங்கள் முறை முடிந்தது' என்பதே பல ஊர்களில் அவர் கேட்கும் முதல் சொல். இரண்டாவது குறை மேலே செல்லும் ஏணி இல்லாதது. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாதது. அதில் வென்ற பெண்ணை வேட்பாளராக வளர்க்கும் பொறுப்பைக் கட்சிகள் ஏற்பதில்லை. ஊராட்சிகளில் இத்தனை ஆயிரம் பெண்கள் ஆண்டு பழகிய பிறகும், 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களுக்கு வென்ற பெண்கள் 12 பேர். இவற்றோடு, பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டுக் கோயில் நிதிக்குப் பணம் சேர்த்து 'போட்டியின்றித் தேர்வு' என்று அறிவிக்கும் வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏலம் எடுக்கக்கூடியவர் பணமுள்ள ஆண். பதவி பெண்ணுக்கு உரியதானால் அவர் வீட்டுப் பெண். வாக்குச்சீட்டைத் தாண்டாமல் வந்த தலைமைக்கு வாக்காளரிடம் கடன் இல்லை. ஆக, நுழைவு என்னும் முதல் படியில் அமைப்பு தேறிவிட்டது. ஆனால் நுழைந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறது.

இங்குதான் பினாமி விமர்சனம் குறுக்கிடுகிறது. அதை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது. முன்னாள் தலைவரின் மனைவி வேட்பாளராக நிறுத்தப்படுவதும், வென்றபின் 'தலைவர் வீட்டுக்காரர்' ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்வருவதும், அதிகாரிகள் தொலைபேசியில் அவரையே அழைப்பதும் எல்லா மாவட்டங்களிலும் காணக் கிடைப்பவை. காட்சி உண்மை. ஆனால் அந்த விமர்சனத்தின் முறை பழுதானது. ஆண் தலைவருக்குப் பின்னால் ஒப்பந்தக்காரரோ, சாதிப் பெரியவரோ, ஒன்றியச் செயலாளரோ நின்று ஆட்டிவைத்தால் அதற்குப் பினாமி என்று யாரும் பெயர் வைப்பதில்லை. ஒப்பீட்டின் ஒரு பக்கத்தை மட்டும் அளக்கும் தராசு தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றது. மேலும், முதல் ஆண்டின் தயக்கத்தை அது ஐந்தாண்டுகளின் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. முதல் கூட்டத்தில் கணவரைத் திரும்பிப் பார்த்தவர், மூன்றாம் ஆண்டில் மதிப்பீட்டுப் படிவத்தைத் தானே கேட்டு வாங்குவதை அது கணக்கில் கொள்வதில்லை. எல்லாவற்றையும்விட, ஒரே சட்டத்தின் கீழ், ஒரே மாவட்டத்தில், ஓர் ஊரின் பெண் தலைவர் ஆள்வதும் அடுத்த ஊரின் பெண் தலைவர் ஆளாமல் போவதும் ஏன் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. அந்த வேறுபாட்டை விளக்காத வரை அது நடப்பதை வருணிக்கிறதே ஒழிய, காரணம் சொல்லவில்லை.

காரணத்தைத் தேடிய ஆய்வுகள் உண்டு. அவற்றையும் அதே கறாரோடு பார்க்க வேண்டும். ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்கப்புள்ளி. எந்த ஊராட்சி பெண்ணுக்கு ஒதுக்கப்படும் என்பது சார்பின்றி அமைந்ததால், ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. மேற்கு வங்கத்தின் பிர்பூமில் பெண்கள் அதிகம் முறையிட்டது குடிநீருக்கும் சாலைக்கும். பெண் தலைவர்கள் இருந்த இடங்களில் இரண்டுக்குமே கூடுதல் முதலீடு நடந்திருந்தது. ராஜஸ்தானின் உதய்ப்பூரில் பெண்களின் முறையீடு குடிநீருக்கு. அங்கே குடிநீர்ப் பணி கூடியது, சாலைப் பணி குறைந்தது. தலைவர் யார் என்பது முடிவுகளை மாற்றும் என்று இதைவிடத் திடமாக எவரும் நிறுவியதில்லை. முறையின் சீர்மை அதன் பலம். இரண்டே மாவட்டங்கள் என்பது அதன் எல்லை.

அந்த எல்லையைத் தென்னிந்தியாவில் சோதித்தவர்கள் ராது பானும் விஜயேந்திர ராவும். நான்கு தென் மாநிலங்களில் அவர்கள் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. பெண் தலைவர்கள் வெறும் பொம்மைகள் என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆண்களிலிருந்து மாறுபட்ட முடிவுகளை எடுத்தார்கள் என்பதற்கும் பொதுவாகச் சான்று கிடைக்கவில்லை. கிடைத்தது இன்னும் பயனுள்ள ஒன்று: அனுபவம் கூடிய பெண்கள், மேல்சாதி ஆதிக்கம் குறைந்த ஊர்கள், ஊராட்சி முறை முதிர்ந்த மாநிலங்கள் ஆகியவற்றில் பெண் தலைமை சிறப்பாகச் செயல்பட்டது. பினாமி விமர்சனம் விடை சொல்லாமல் விட்ட வேறுபாட்டுக்கு இங்கே விடை இருக்கிறது. பெண்ணின் குணத்தில் தேடியதை ஊரின் சாதி அமைப்பிலும் மாநிலத்தின் நிர்வாக அமைப்பிலும் தேட வேண்டும்.

இரண்டாம் கேள்விக்கு, அதாவது கேட்டதற்குப் பதில் கிடைத்ததா என்பதற்கு, தமிழ்நாட்டிலிருந்தே நேரடிச் சான்று இருக்கிறது. ராம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் தமிழகக் கிராம சபைகளில் பேசப்பட்டதைச் சொல் விடாமல் எழுத்தாக்கி ஆராய்ந்து, 2019இல் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். ஒன்றின் முடிவு இது: கிராம சபையில் ஆண்களைவிடப் பெண்கள் பேசுவது குறைவு, பேசினாலும் கூட்டத்தின் பொருளை அவர்கள் திருப்புவது குறைவு, அதிகாரியிடமிருந்து பொருத்தமான பதில் பெறுவதும் குறைவு. தலைவர் பெண்ணாக இருக்கும் ஊர்களில் பதில் பெறும் வாய்ப்பு உயர்ந்தது. மற்றொன்று, மகளிர் குழுக்களை அடித்தளமாகக் கொண்ட புதுவாழ்வுத் திட்டத்தின் விளைவை அளந்தது. திட்டம் நடந்த ஊர்களில் பெண்கள் கூடுதலாக வந்தார்கள், கூடுதலாகப் பேசினார்கள், கூடுதல் நேரம் பேசினார்கள். ஆனால் கூட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பதிலும், அதிகாரியிடம் பதில் பெறுவதிலும் திட்டம் நடக்காத ஊர்களின் பெண்களைவிட முன்னேற்றம் இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காமல் விட்டது நம் பொதுவிவாதத்தின் பெரும் பிழை. குழு பெண்ணுக்குப் பேச்சைத் தந்தது. நாற்காலி பேச்சுக்குப் பதிலைத் தந்தது. தனித்தனியே நிற்கும்போது முன்னது வெறும் முறையீடு, பின்னது துணையற்ற பதவி. தமிழ்நாட்டின் பெண் தலைமைக் கதையில் வலிமையான இரண்டு இழைகளும் இருக்கின்றன. அவற்றை முடிச்சிட்டவர் இல்லை.

மகளிர் குழுக்களின் வரலாறு இந்த ஒதுக்கீட்டைவிட மூத்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் உருவானது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தருமபுரியில் குழுக்கள் தொடங்கின. பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் எங்கும் பரவின. சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, கணக்குப் பதிவேடு என்று அது தந்த பயிற்சியின் ஒழுங்கு குறைத்து மதிப்பிடத்தக்கதல்ல. கூட்டம் நடத்தவும் தீர்மானம் எழுதவும் கையெழுத்துக்குமுன் தொகையைச் சரிபார்க்கவும் லட்சக்கணக்கான பெண்கள் பழகிய பள்ளி அது. ஆயினும் அதன் கோடு தனி. குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மகளிர் திட்ட அலுவலகத்தை நோக்கி நிற்கிறது. ஊராட்சியோ ஒன்றிய அலுவலகத்தை நோக்கி நிற்கிறது. ஒரே ஊரில் இரண்டு பெண் தலைமைகள், ஒன்றுக்கொன்று கணக்குச் சொல்லக் கடமைப்படாமல்.

கேரளம் வேறு வழியில் போனது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குத் தந்தது. அதில் பத்தில் ஒரு பங்கைப் பெண்களுக்கான திட்டக் கூறாக ஒதுக்கச் சொன்னது. 1998இல் பிறந்த குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் முதல் ஊராட்சி அளவிலான சங்கம் வரையிலான மூன்றடுக்கும் உள்ளாட்சியோடு பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டது. குழுவில் பழகிய பெண் ஊராட்சி உறுப்பினராவது அங்கே இயல்பான அடுத்த அடி. இந்த ஒத்திசைவு தமிழ்நாட்டில் இல்லை. எனினும் கேரளத்தை இலட்சியமாக நிறுத்துவதும் தவறு. ஜே. தேவிகாவும் பினிதா தம்பியும் காட்டியதுபோல், அங்கே பெண்களுக்குத் திறந்த இடம் பெரும்பாலும் நலத்திட்டங்களைக் கனிவோடு பகிர்ந்தளிக்கும் இடம். அரசியலின் கடினமான பேரங்கள் நடக்கும் இடத்துக்கு அவர்களில் சிலரே சென்றனர். இணைப்பின் சீர்மைக்கு மதிப்பெண் தரும் நாம், இணைப்பு யாருடைய விதிகளில் நடந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஆனாலும் ஒப்பீட்டின் முடிவு மாறாது: கேரளத்துப் பெண் உறுப்பினருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நிற்கிறது, தமிழ்நாட்டுப் பெண் தலைவருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பம் நிற்கிறது. அந்த வெற்றிடத்தைத்தான் கணவர் நிரப்புகிறார். பினாமி என்று நாம் பெயரிடும் நோயின் வேர் அங்கே இருக்கிறது.

மூன்றாம் கேள்வி அதிகாரத்தைப் பற்றியது. அமைப்பு மிகக் குறைந்த மதிப்பெண் பெறுவதும் இங்கேதான். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 188ஆவது பிரிவின்படி ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். கொள்கையளவில் இது முறைகேட்டைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் பார்த்தால், தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. வார்டு உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. எனவே தலித் பெண் தலைவராகும் ஊரில், ஆதிக்கச் சாதி ஆண் துணைத் தலைவராக அமர்ந்து, கையெழுத்தை நிறுத்திவைத்தே ஊராட்சியை முடக்கலாம். நாற்காலியைப் பகிர்ந்தளித்த சட்டம், அந்த நாற்காலிக்கான தடையாணையையும் கூடவே தந்திருக்கிறது. ஊராட்சிச் செயலரின் நிலையும் இதைச் சார்ந்தே இருக்கிறது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, வரி வசூல், கணினி உள்நுழைவு எல்லாம் அவர் கையில். பெயரளவில் தலைவரின் கீழ் வேலை செய்யும் அவர், நடைமுறையில் வட்டார வளர்ச்சி அலுவலரின் முகம் பார்ப்பவர். ஊரின் வலுத்த தரப்பின் முகமும் பார்ப்பவர்.

இவற்றுக்கு மேல் 205ஆவது பிரிவு இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை, விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் வழியே உறுப்பினர்களின் கருத்தறிந்து, மாவட்ட ஆட்சியர் நீக்கலாம். உண்மையான மோசடிக்கு இத்தகைய பிரிவு தேவைதான். ஆனால் கணக்கின் சிறு பிழைக்கும் பெரும் கையாடலுக்கும் இடையே தெளிவான கோடு கிழிக்காத அதிகாரம், படிப்பு குறைந்த, பின்புலம் இல்லாத தலைவரின் தலைக்குமேல் எப்போதும் தொங்கும் கத்தி. பெண் தலைவர் ஒருவரை நீக்கிய வழக்கொன்றில் 2024இல் உச்ச நீதிமன்றம், தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் பிரதிநிதியை அகற்றுவதை இலகுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கண்டித்தது. வழக்கு மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தது. எச்சரிக்கை தமிழ்நாட்டுக்கும் பொருந்தும்.

நிதியின் தன்மையும் இதே திசையில் இருக்கிறது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் தந்தது. ஊர்களில் அது விட்டுச்சென்ற கட்டுமானம் மறுக்க முடியாதது. ஆனால் எதைக் கட்டுவது என்பதில் பெரும்பகுதியை மாநில அரசே வகுத்திருந்தது. 15ஆவது நிதி ஆணைய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. பெண்கள் முன்வைக்கும் கோரிக்கைகளோடு அது பொருந்துவது நன்மை. தேர்வு செய்யும் உரிமை சுருங்குவது தீமை. சரியான முடிவு மேலிருந்து வந்தாலும் அது ஊரின் முடிவாகாது. முடிவெடுத்துப் பழகாத தலைமை வளராது.

பெண் தலைவர்கள் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு என்னும் 'சிறிய' வேலைகளில் தங்கிவிடுகிறார்கள் என்றொரு குறையும் சொல்லப்படுவதுண்டு. இந்த மதிப்பீடு அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதையே அறியாதது. மதுரை வில்லாபுரத்தின் மாநகராட்சி உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரலில் கொல்லப்பட்டது குடிநீருக்காக. தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களின் வருமானத்தில் அவர் கொண்டுவந்த குழாய் கைவைத்தது. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சியின் தலித் தலைவர் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு உயிர்தப்பினார். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட அவர் எடுத்த முயற்சி அந்தப் பகைக்குக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. தண்ணீரும் கழிப்பறையும் சிறிய விஷயங்களாக இருந்திருந்தால் அரிவாளுக்கு வேலை இருந்திருக்காது. 2020இல் வெளிவந்த இரண்டு நிகழ்வுகளையும் இங்கே சேர்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர நாளன்று தலித் பெண் தலைவர் கொடியேற்ற விடப்படவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் கூட்டத்தின்போது தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டார். இரண்டிலும் செய்தி வெளியான பிறகு அரசு விரைந்து செயல்பட்டது; ஆத்துப்பாக்கத்தில் ஆட்சியர் முன்னிலையில் அவரே சில நாளில் கொடியேற்றினார்; தெற்குத் திட்டையில் வழக்கும் பணியிடை நீக்கமும் வந்தன. அந்த விரைவு பாராட்டுக்குரியது. எனினும் செய்தி வெளிவந்தால்தான் நாற்காலி என்பது ஒரு நிர்வாக முறை ஆகாது.

நான்காம் கேள்வி தொடர்ச்சி. இதில் தமிழ்நாடு ஒரு நல்ல முடிவை எடுத்து, தானே அதைப் பாழாக்கியது. ஓர் இடத்தின் ஒதுக்கீட்டை ஒவ்வொரு தேர்தலிலும் சுழற்றாமல் இரண்டு பதவிக்காலத்துக்கு நிலைநிறுத்தியது நல்ல முடிவு. முதல் முறை கற்றுக்கொள்பவருக்கு இரண்டாம் முறை ஆளும் வாய்ப்பை அது தந்தது. அனுபவம் கூடிய பெண்கள் சிறப்பாகச் செயல்பட்டார்கள் என்ற பான்–ராவ் முடிவோடும் இது சரியாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் சுழற்றும் மாநிலங்களைவிட இது அறிவார்ந்த வடிவமைப்பு.

ஆனால், ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243-இ பிரிவு. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, ஒதுக்கீட்டு அறிவிப்பின் குறைபாடுகளைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் வார்டு வரையறை, வழக்கு, மறுவழக்கு என்று மூன்றாண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. எஞ்சிய 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆனது. நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி ஆனது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதி ஆணைய மானியமும் தடைபட்டது. 50 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சட்டம் 2016இல் பிறந்து, நடைமுறைக்கு வரத் தேர்தலின்றி மூன்றாண்டு காத்திருந்தது. 2019இல் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வழக்கம் மாறவில்லை என்பதால், குற்றத்தை ஒரு கட்சியின் மேல் ஏற்றிவிட்டு நாம் தப்ப முடியாது.

இடைவெளியின் சுமை எல்லோருக்கும் சமமன்று. பதவியில் இல்லாத காலத்திலும் ஆணுக்குத் தேநீர்க்கடை, கட்சி அலுவலகம், ஒப்பந்தம், கோயில் கமிட்டி என்று அரசியல் தொடர்கிறது. பெண்ணுக்குப் பதவியே அரசியலின் ஒரே அரங்கு. அது மூடப்படும் மூன்றாண்டில் அவர் ஈட்டிய பழக்கமும் பெயரும் கரைந்துவிடுகின்றன. ஆகவே தேர்தலைத் தள்ளிவைப்பது பால் வேறுபாடற்ற நிர்வாகத் தாமதம் என்று கருதுவது பிழை. அது பெண் தலைமையின் சேமிப்பை அழிக்கும் செயல்.

தீர்வு பற்றிய அண்மைய முயற்சியையும் இதே தராசில் வைக்கலாம். பினாமித் தலைமையை ஒழிக்க மத்திய ஊராட்சி அமைச்சகம் 2023இல் அமைத்த சுஷில் குமார் குழுவின் அறிக்கை 2025இல் வெளிவந்தது. கிராம சபை முன் பதவியேற்பு, முறையீடு கேட்கும் குறைதீர்ப்பாளர் போன்ற பரிந்துரைகள் நல்லவை. ஆனால் பினாமி நிரூபணமானால் கடும் தண்டனை என்னும் பரிந்துரை அடிப்படையில் தவறானது. தண்டனை யாரைத் தேடி வரும்? ஆதரவற்ற பெண் தலைவரின் வீட்டைத்தான். அவரைச் சூழ்ந்த செயலரையோ, கணவரின் எண்ணுக்கே அழைத்த அதிகாரியையோ, பதவியை ஏலம் விட்ட ஊர்க்கூட்டத்தையோ அது எளிதில் தொடாது. இன்னொரு நீக்க அதிகாரத்தை ஆட்சியரின் மேசையில் வைப்பதால் பெண்களின் தலைமை வலுப்பெறாது.

நான்கு படிகளையும் கூட்டிப் பார்த்தால் தீர்ப்பு இப்படி அமைகிறது. நுழைவில் தமிழ்நாட்டின் சாதனை முழுமையை நெருங்குகிறது. தலித் பெண்ணையும் கூலிவேலை செய்யும் பெண்ணையும் ஆட்சிப் பொறுப்புக்குக் கொண்டுவந்ததில் இந்தச் சட்டத்துக்கு இணையான ஒன்று விடுதலைக்குப் பிந்தைய நம் வரலாற்றில் அரிது. பதில் பெறுவதில் அளவான வெற்றி: பெண் தலைவர் இருந்தால் பெண் கேட்டதற்குப் பதில் கிடைக்கிறது என்பது நிறுவப்பட்ட செய்தி; ஆனால் குழுவின் குரலும் ஊராட்சியின் அதிகாரமும் இணையாததால் அந்த வெற்றி பாதியில் நிற்கிறது. அதிகாரத்தில் தோல்வி, அதுவும் வடிவமைப்பின் தோல்வி. தொடர்ச்சியில், நல்ல விதியைக் கெட்ட பழக்கம் விழுங்கிவிட்டது. அமைப்பின் குறை எதுவும் பெண்களின் தகுதிக் குறையால் வந்ததல்ல. நான்கில் எந்தப் படியில் அமைப்பு தடுக்கி விழுந்தாலும், பழி நாற்காலியில் இருந்த பெண்ணின் மேல் விழுந்தது என்பதே இந்த முப்பது ஆண்டுகளின் அநீதி.

அரிட்டாபட்டி இதற்கு எதிர்ச்சான்றாகத் தோன்றலாம். 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊர், டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகக் கிராம சபைத் தீர்மானத்தோடும் மக்கள் போராட்டத்தோடும் எழுந்தது. 2025 ஜனவரியில் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. பெண் தலைவர், பெண்கள் திரண்ட சபை, ஒரே குரல்: மூன்றும் கூடினால் ஊராட்சி எதைச் சாதிக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்த வெற்றி ஊர் முழுவதும் ஒன்றான ஓர் ஆபத்தின் நாளில் கிடைத்தது. சாதாரண நாளில், குழாய்க்கும் பட்டாவுக்கும் ஊரக வேலைத் திட்டத்துக்கும் அதே வலிமை கிடைப்பதே அமைப்பின் தரம்.

அதை எட்டச் செய்ய வேண்டியவை மர்மமானவை அல்ல. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் துணைத் தலைவரின் கூட்டுக் கையெழுத்துக்குக் காலக்கெடு வேண்டும். அதைக் கடந்தால் கிராம சபையின் தீர்மானமே போதுமென்று விதி வேண்டும். செயலரின் ஆண்டு மதிப்பீட்டைத் தலைவர் எழுத வேண்டும். 205ஆவது பிரிவின் நீக்க முடிவு ஆட்சியரிடமிருந்து சார்பற்ற தீர்ப்பாயத்துக்கு மாற வேண்டும். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுக் கோரிக்கை கிராம சபையின் முதல் பொருளாக எடுக்கப்பட்டு, அதற்கு எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். தேர்தல் உரிய நாளில் நடக்க வேண்டும்; தனி அலுவலர் என்னும் ஏற்பாடு ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. இவற்றில் எதற்கும் அரசமைப்பைத் திருத்தத் தேவையில்லை. சென்னையில் சட்டமன்றம் ஒரு கூட்டத்தொடரில் செய்து முடிக்கலாம். இதைச் செய்யாமல் ஒதுக்கீட்டின் விழுக்காட்டை மட்டும் உயர்த்திய அரசுகள், எண்ணிக்கையில் வென்று ஆட்சியில் பெண்களைத் தோற்கவிட்டன. அடுத்த தேர்தலில் வெல்லும் பெண்களிடம் திறமைக்கான சான்றைக் கேட்கும் முன், அவர்களின் கையெழுத்து செல்லுபடியாகும் என்பதற்கான சான்றை அரசு தர வேண்டும்.